காற்றாட விட்ட வீடு

ஒரு தமிழ் வீட்டுக்கு ஹீற்றர் மாற்றுவதற்காகப் போகிறீர்கள். கதவு திறக்கிறது. உள்ளே கறி மணம் இல்லை. பொரியல் மணமும் இல்லை. யன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கின்றன, மெல்பேர்ன் குளிர் உங்களுக்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. அப்படியான வீட்டில் மட்டும் அவசரப்பட்டு எதையும் விற்றுவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் படிப்பித்திருப்பார்கள்.

நான் ஓய்வு பெற்று அதிக காலமில்லை. காஸ் வேலைக்கு லைசன்ஸ் எடுத்து, பழைய ஹீற்றர்களைக் கழற்றிப் புதியது பூட்டும் கொம்பனி ஒன்றில் கடைசிவரை இருந்தேன். கூரைக்குள் ஏறி இறங்க முழங்கால் மறுத்த பிறகு, வீடுகளுக்குப் போய் அளவெடுத்து, எது பொருந்தும் என்று சொல்லி, ஓடர் எடுத்து வரும் வேலைக்கு மாற்றினார்கள். உங்களில் பலர் இப்போது செய்வதும் இதைத்தான். தமிழ்ப் பெயரில் ஒரு அழைப்பு வந்தால் ஒபீஸில் கண்ணை மூடிக்கொண்டு அதை என் தலையில் கட்டிவிடுவார்கள். தேத்தண்ணி குடிக்காமல் அந்த வீடுகளிலிருந்து வெளியேற முடியாது, அடுத்த வீட்டுக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்குவது நான்தான் என்பதெல்லாம் அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது.

அப்படித்தான் ஒரு ஆடி மாதக் குளிரில் மெல்பேர்னின் மேற்குப் பக்கத்து வெரிபீக்குப் போனேன். புதிய வீட்டுத் தொகுதிகளின் பக்கம் அல்ல, ரயில் நிலையத்துக்கு இந்தப் பக்கம் உள்ள பழைய செங்கல் வீடுகளில் ஒன்று. ஜெயந்தன் என்ற இளைஞர் போன் எடுத்திருந்தார். நகரத்தில் கணினி வேலை, ரயிலில் போய் வருகிறவர். மனைவி துஷிக்குக் குழந்தை பிறந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. ஹீற்றர் நாள் முழுக்க எரிந்தும் வீடு சூடாகவில்லை, ஆகவே இதைவிடப் பெரியதொன்று, அதுவும் உடனே வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. எந்த மொடல் என்றுகூடத் தெரிந்து வைத்திருந்தார். அன்றைக்கே கையெழுத்துப் போடவும் தயார். இந்த மாதிரி வாடிக்கையாளர் கிடைத்தால் எங்கள் ஆட்கள் வழியில் லொத்தர் சீட்டு வாங்குவார்கள்.

கதவைத் திறந்தவர் துஷியின் அக்கா பவானி. தங்கச்சியின் பிள்ளைப்பேறு பார்ப்பதற்காக சிட்னி டூங்கபியிலிருந்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டின் ஆட்சி அவர் கையில் என்பது, ஜெயந்தன் எதைச் சொல்வதற்கு முன்பும் அவர் முகத்தைப் பார்த்ததிலேயே விளங்கியது. துஷியும் குழந்தையும் பின் அறையில் படுத்திருந்தார்கள். வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. எல்லா யன்னலும் திறந்திருந்தது.

ஹோலில் இருந்தது சுவருக்குள் பதித்த பழைய காஸ் ஃபேர்னஸ் ஹீற்றர். நீங்கள் இனி அதிகம் காணமாட்டீர்கள். எரிவதற்கான காற்றை அறைக்குள்ளிருந்தே எடுத்து, எரிந்த புகையைக் கூரைக்குப் போகும் குழாய் வழியாக வெளியே விடுகிற வகை. குழாய் சரியாக இழுக்கும்வரை தொல்லையில்லை. இழுக்காவிட்டால் புகை அறைக்குள் திரும்பும். அதில் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நான் அளவெடுக்கத்தான் போனேன் என்றாலும், எந்த வீட்டிலும் பழைய ஹீற்றரை எரியவிட்டு அந்த வாயுவை அளக்கும் மீற்றரைப் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். பார்த்தேன். பூச்சியம். குசினியில் அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் பெரிய விசிறி இருந்தது. அதையும் ஓடவிட்டுப் பார்த்தேன். அப்போதும் பூச்சியம்.

ஜெயந்தன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பக்கத்து ஊரான பொயின்ற் குக்கில் அடுத்த வீடு காத்திருந்தது. எல்லாம் சரிதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு ஒன்று இடித்தது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில், வீடு சூடாகவில்லை என்று குறைப்படுகிறவர்கள், ஏன் யன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்?

கேட்டேன். பவானி முந்திக்கொண்டு, தாங்கள் எப்போதும் இப்படித்தான், காற்றோட்டம் நல்லதுதானே என்றார். ஜெயந்தன் தரையைப் பார்த்தார். யன்னல் சட்டங்களின் ஓரத்தில், ஒட்டிய பிளாஸ்ரிக் நாடாவை இழுத்தெடுத்த பசை புதிதாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. சுவரின் மேல்பக்கத்துக் காற்றுத் துவாரங்கள் இரண்டையும் யாரோ மட்டை வைத்து ஒட்டி, அதன் மேல் பெயின்ற்றும் அடித்திருந்தார்கள். அதை மறைக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

விடயம் எனக்கு உடனே விளங்கிவிட்டது, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கும். வெளியாள் ஒருவர் வேலைக்கு வருகிறார் என்றால், காலையிலிருந்தே வீட்டைக் காற்றாட விடுவோம். கறிச்சட்டி மூடப்படும், அடுப்பு அணையும். வந்தவன் மூக்கைச் சுளிக்கக்கூடாது. ஒருநாள் யாரோ ஒரு மின்வேலைக்காரன் மூக்கைச் சுளித்திருப்பான், அதை நாங்கள் ஆயுளுக்கும் மறக்கமாட்டோம். ஆகையால் வேலைக்காரன் காணுகிற வீடு ஒன்று, நாங்கள் வாழ்கிற வீடு இன்னொன்று. மற்ற வேலைக்காரருக்கு இது வெறும் சங்கோசம். ஹீற்றர்காரனுக்கு இது பொல்லாத பொய். நான் சோதித்துப் பூச்சியம் கண்டது, அவர்கள் ஒரு நாளும் குடியிருக்காத வீட்டை.

இந்த இடத்தில்தான் உங்களுக்குக் கஷ்டம் வரும். ஒரு பெண் தன் வீட்டில் நின்று ஒன்றைச் சொல்கிறாள். அது உண்மையில்லை என்று உங்களுக்குத் தெரியும். வாய்க்கு வாய் கதைத்தால் கதவைக் காட்டுவாள். மரியாதை பார்த்தால் அவள் கேட்டதை விற்றுவிட்டு வருவீர்கள். நான் என் மனைவியைக் காட்டிக் கொடுத்தேன். ஆட்கள் வந்தால் அவ குளிர்க் கோட்டுகள் எல்லாவற்றையும் கார் டிக்கிக்குள் வைத்துப் பூட்டுகிறவ, பொரிச்ச மணம் ஏறிவிடுமாம் என்றேன். ஜெயந்தன் சிரித்துவிட்டார். பவானி சிரிக்கவில்லை, ஆனால் தோள் கொஞ்சம் இறங்கியது.

"தங்கச்சி, நான் வாறதுக்கு முதல் இந்த வீடு எப்பிடி இருந்ததோ, அப்பிடியே ஆக்கிக் காட்டுங்கோ" என்றேன். "எனக்கு மணம் ஒரு பிரச்சினையில்லை. நானும் அதே கறிதான் சாப்பிடுறனான்."

பவானி வேலையைத் தொடங்கினார். யன்னல்கள் மூடப்பட்டன. வாசல் கதவின் அடியில் சுருட்டிய துவாய் வந்தது. பழைய நாடாவின் மிச்சத்தை ஜெயந்தன் எடுத்து வந்து சட்டங்களில் ஒட்டினார். பவானி சரக்குக் கறிச் சட்டியை மீண்டும் அடுப்பில் ஏற்றினார். மிளகும் மல்லியும் உள்ளியும் அரைத்து, பிள்ளை பெற்றவளுக்கென்று காய்ச்சுவார்களே, அந்தக் கறி. அது கொதிக்கத் தொடங்கியதும் விசிறியை முழு வேகத்தில் போட்டார். அது இரட்டை மோட்டார் வைத்தது. மணம் திரைச்சீலையில் ஏறக்கூடாது என்று குழந்தை வரும் முன்பே வாங்கிப் பூட்டியதாம். நாள் முழுக்க அது ஓடிக்கொண்டிருக்கும் என்றார் ஜெயந்தன். ஹீற்றரும் அப்படியே.

நான் ஹீற்றருக்கு முன்னால் மீற்றரோடு குந்தியிருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இலக்கம் அசைந்தது. ஒற்றை இலக்கம் இரட்டை இலக்கமாயிற்று. அங்கே நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. அடைத்து வைத்த வீட்டிலிருந்து அந்த விசிறி காற்றை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே வர வேறு வழியில்லாத காற்று, கூரைக் குழாய் வழியாகக் கீழே இறங்கியது. ஹீற்றரின் புகையையும் தள்ளிக்கொண்டு வந்தது. வீடு சூடாகாததற்குக் காரணமும் அதுதான். ஹீற்றரில் பலவீனம் எதுவும் இல்லை. அவர் கேட்ட பெரியதை அதே வகையில் விற்றிருந்தால் இதைவிட அதிகமாக எரித்து இதைவிட அதிகமாக உள்ளே தள்ளியிருக்கும்.

ஹீற்றரை நிறுத்தினேன். விசிறியை நிறுத்தச் சொன்னேன். வெளியே ஓடிப்போய்க் காஸ் மீற்றரடியில் வால்வைப் பூட்டிவிட்டு வந்து, யன்னல் நாடாக்களைப் பிய்த்தேன். என் கேள்வி இப்போது ஹீற்றரைப் பற்றியதாக இல்லை. துஷி எப்படி இருக்கிறா என்று கேட்டேன்.

தலையிடி, ஐந்தாறு நாளாக. சத்தியும் இருக்கிறது, சாப்பிட்டது வயிற்றில் நிற்பதில்லை. எழும்பினால் தலைசுற்று, ஆகவே படுத்தபடியே. ஜெயந்தன் தனக்கும் காலையில் தலை இடிக்கும், ரயிலில் ஏறிப் போனால் சரியாகிவிடும், நித்திரைக் குறைவுதான் என்றார். தனக்கும் இலேசான தலைப்பாரம் இருந்தாலும், பவானிக்கோ எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் பட்டுவிட்டது, அதனால்தான் யன்னல்களை ஒட்டியது, ஹோலில் ஹீற்றருக்குக் கிட்டவே படுக்கை போட்டுக் கிடத்தியது என்றார். இன்றைக்கு நான் வருகிறேன் என்றுதான் பின் அறைக்கு மாற்றினார்களாம். தலையிடி கூடக்கூட, இன்னும் இறுக்கி ஒட்டியிருக்கிறார்கள்.

குழந்தை எப்படி என்று கேட்டேன்.

"அது நல்ல பிள்ளை அண்ணை" என்றார் பவானி. "இப்ப ரண்டு மூண்டு நாளா அழுறதே இல்லை."

எத்தனையோ வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். புகை ஏறிய வீட்டில் அழாமல் கிடக்கிற குழந்தை நல்ல பிள்ளை அல்ல, மயங்கிக்கொண்டிருக்கிற பிள்ளை. ஜெயந்தனிடம் உடனே மூன்று பூச்சியத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். தாயையும் பிள்ளையையும் வெளியே கொண்டுவரச் சொன்னேன். அப்போதுதான் பவானி அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

அவரைக் குறைவாக நினைக்காதீர்கள். அவருக்கு முன்னால் ஒரு ஹீற்றர் விற்பனைக்காரன் நின்றான், கையில் இலக்கம் காட்டும் ஒரு பெட்டியோடு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, வெளியே உடம்பைக் குத்துகிற குளிர். பிள்ளை பெற்றவளை அந்தக் குளிருக்குள் இறக்கக்கூடாது என்பது அவர் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் கடைப்பிடித்த ஒழுங்கு. ஹீற்றரைத்தான் நிற்பாட்டியாயிற்றே, யன்னலும் திறந்தாயிற்றே, இன்னும் ஏன் வெளியே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாள் முழுக்க இரத்தத்தில் ஏறியது யன்னலைத் திறந்தவுடன் இறங்காது என்று விளங்கப்படுத்தினேன். பாதிதான் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டில் கோயம்புத்தூர்க்காரத் தம்பதி இருக்கிறார்கள், அம்புலன்ஸ் வரும்வரை அங்கே இருக்கலாம் என்றார் ஜெயந்தன். அது காரியத்தை இன்னும் கெடுத்தது.

"துடக்கோட ஆரின்ர வீட்டுக்குள்ள கொண்டு போறது?" என்றார் பவானி. "முப்பத்தொண்டு கழியாமல் நான் விடமாட்டன்."

இந்தத் துடக்கு எங்கள் சனத்துக்கு எவ்வளவு பெரிய விடயம் என்று உங்களில் சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். பிள்ளை பிறந்த வீட்டார் முப்பத்தோராம் நாள் கழிவு முடியும்வரை இன்னொருவர் வீட்டுப் படி மிதிக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் அதை மூடநம்பிக்கை என்று வாதாடினால் நீங்கள் வெல்லலாம், வென்று முடிப்பதற்குள் உள்ளே இருக்கிறவர்களுக்கு என்ன ஆகும்? எனக்குள் கோபம் கொதித்தது. கத்தினால் அவர் அந்தக் கதவை விட்டு அசையமாட்டார் என்பதும் தெரிந்தது.

"தங்கச்சி, ஒருத்தர் வீட்டுக்கும் போகவேண்டாம்" என்றேன். "உங்கட சொந்தக் காருக்குள்ள இருங்கோ. காருக்குத் துடக்கு இல்லை. சூடும் போடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜெயந்தனிடம், காரை எடுத்து றோட்டில் விடச் சொன்னார். ஹீற்றரைப் போட்டுச் சூடாக்கி வைக்கவும் சொன்னார். தானே உள்ளே போய்த் தங்கச்சியை எழுப்பினார். எழுப்ப நேரம் எடுத்தது. இரண்டாம் தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரலில் அதிகாரம் எல்லாம் போயிருந்தது. துஷியின் தலையையும் காதையும் கம்பளிச் சால்வையால் சுற்றி, ஒரு கையால் அவவையும் மறு கையில் குழந்தையையும் அணைத்தபடி பவானிதான் வெளியே கொண்டுவந்தார். குழந்தை அப்போதும் அழவில்லை. அம்புலன்ஸ்காரர் வந்து ஒட்சிசன் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் அது வாய் திறந்து அழுததாம். ஜெயந்தன் போனில் அதைச் சொல்லும்போது அவரும் அழுதார்.

தாயும் பிள்ளையும் தப்பினார்கள். இரத்தத்தைச் சோதித்துவிட்டு, இன்னும் ஓரிரு நாள் அப்படியே போயிருந்தால் கதை வேறு என்று டொக்ரர் சொன்னாராம்.

இத்தோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். விற்பனைக்காரனுக்குச் சோதனை அதற்குப் பிறகுதான். மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயந்தனின் போன். துஷியை வீட்டுக்கு விடப் போகிறார்கள். வீட்டில் ஹீற்றர் இல்லை. "அங்கிள், எதாவது ஒண்டு, நாளைக்கே போட்டுத் தாங்கோ" என்றார். பயந்துபோன மனிதன் எதையும் வாங்குவான். எங்கள் ஒபீஸுக்கும் அது தெரியும். ஸ்ரோரில் பெரிய காஸ் ஹீற்றர் ஒன்று கிடந்தது, வெளியிலிருந்து காற்றெடுக்கிற புதிய வகை, பிழை சொல்ல முடியாதது, மறுநாளே பூட்டலாம். மின்சாரத்தில் ஓடி ஏசி போலச் சூட்டை ஊதும் ரிவர்ஸ் சைக்கிள் என்றால் அந்த வீட்டின் பழைய மின்பலகையை முதலில் மாற்ற வேண்டும், ஒரு கிழமை இழுக்கும். ஸ்ரோரில் கிடப்பதைத் தள்ளிவிடு என்றார் மனேஜர்.

நான் ஸ்ரோரில் கிடந்ததைப் பற்றியும் ஜெயந்தனிடம் சொன்னேன், கரண்டில் ஓடுவதைப் பற்றியும் சொன்னேன். எதையும் இன்றைக்கு வாங்காதேங்கோ என்றும் சொன்னேன். வீட்டில் ஹீற்றர் செத்த நாளில் ஹீற்றர் வாங்கினால் அவசரத்தைத்தான் வாங்குவீர்கள், அதோடு பதினைந்து வருடம் குடியிருக்க வேண்டும். கொம்பனியில் இரவல் கொடுக்க வைத்திருந்த எண்ணெய் ஹீற்றர்களில் இரண்டை வானில் ஏற்றிக்கொண்டுபோய், ஒன்றைத் துஷியின் அறையிலும் மற்றதைப் பவானியின் அறையிலும் வைத்தேன். சுவர்த் துவாரங்களின் மட்டையை ஜெயந்தனே பெயர்த்தார். மனேஜர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது தாங்கக்கூடியதுதான்.

பிறகுதான் குசினி மேசையில் மூவரும் உட்கார்ந்து ஆறுதலாகக் கதைத்தோம். ஜெயந்தன் கேள்வி மேல் கேள்வி கேட்டார், நானும் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கடைசியில் பவானி ஒன்றே ஒன்று கேட்டார், இந்தக் கரண்ட் சாமானுக்குள் எங்கேயாவது நெருப்பு எரியுமா என்று. இல்லை என்றேன். இதையே எடுப்போம் என்றார். சமைக்கும்போது குசினி யன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விசிறிக்கு இழுக்கக் காற்று இராது என்றேன். ஓம் என்று தலையாட்டினார். முன்பிருந்த பவானியாக அவர் இல்லை.

மின்பலகை மாற்றி, புதியதைப் பூட்டி முடித்த அன்று பின்னேரம் நானும் போனேன். ஹோல் சூடாகி வந்துகொண்டிருந்தது. துஷி குழந்தையோடு அறை வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டா. முகத்தில் இரத்தம் ஊறியிருந்தது. பவானி கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாரையும் அறைக்குள் போகச் சொல்லிவிட்டு, ஹோல் கதவைச் சாத்தி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தனியே உட்கார்ந்தார்.

என்ன தங்கச்சி இது, இதில் நெருப்பே இல்லையே, ஒன்றும் வராது என்றேன்.

"தெரியும் அண்ணை. நீங்கள் சொன்னது விளங்குது" என்றார். "ஆனா நான்தானே அவளை ஹீற்றருக்குக் கிட்டக் கிடத்தினனான். தலையிடிக்குது எண்டு சொல்லச் சொல்ல, இன்னும் கிட்ட இழுத்து விட்டனான்."

தெரியாமல் செய்ததுதானே என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தெரியாதா? என் போன் அடித்துக்கொண்டே இருந்தது, ஒபீஸ்தான். அதை நிறுத்திவிட்டு இன்னொரு கதிரையை எடுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே இருட்டிவிட்டது. அவர் அடிக்கடி கண்ணை மூடி, நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், தலை இடிக்கிறதா என்று தனக்குத்தானே கேட்பது எனக்குத் தெரிந்தது. தம்பிமார், தங்கச்சிமார், பூட்டி ஓடவிட்டவுடன் எங்கள் வேலை முடிந்தது என்று பில்லில் இருக்கும். அதை நம்பாதீர்கள்.

நெடுநேரம் கழித்து பவானி எழுந்தார். கதவைத் திறந்து, தங்கச்சியின் கையிலிருந்து குழந்தையை வாங்கவில்லை.

"நீயே கொண்டு வா" என்றார். "எங்க விருப்பமோ அங்க படு."